சித்தப்பாவின் பெட்டியில் கிடைத்த மூன்று பழைய அமெரிக்க நாணயங்கள்: தேய்மானத்தையும் பிறவிக் குறையையும் பிரித்தறிவது எப்படி?

கேள்வி – மணக்குடி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாகத் திருவிதாங்கூர் நாணயங்களை மட்டும் சேர்த்து வருகிறேன். சங்கு பொறித்த செப்புக் காசையும் சக்கரத்தையும் கையில் எடுத்தால், அது எவ்வளவு காலம் புழங்கியது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் கடந்த ஆண்டு காலமான என் சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து வந்திருக்கும் மூன்று நாணயங்கள் எனக்குப் பழக்கமான எதையும் போல இல்லை. அவர் சரக்குக் கப்பலில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பல் நின்ற நாட்களில் வாங்கியவை என்று சித்தி சொல்கிறார். ரசீது எதுவும் இல்லை.

முதலாவது வெள்ளி நிறத்தில், 28 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் மணி மணியான வட்டத்துக்குள் ஒரு பைன் மரம். மறுபக்கம் 1652 என்ற ஆண்டும் அதன் கீழே 12 என்பதைக் குறிக்கும் ரோமன் எண்ணும். இரண்டாவது செம்பு. இடப்பக்கம் நோக்கிய ஒரு மார்பளவு உருவமும், பின்பக்கத்தில் கையில் கிளையோடு அமர்ந்த ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். கீழே ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் நாணயத்துக்கு வெளியே போய்விட்டதைப் போலப் பாதிதான் தெரிகின்றன. 87 என்று ஊகிக்கிறேன். விளிம்பில் ஒரு வெடிப்பு உள்ளது. மூன்றாவதும் செம்புதான்: ஒரு பக்கம் சூரியனும் நிழற்கடிகாரமும் 1787 என்ற ஆண்டும், மறுபக்கம் சங்கிலியாகக் கோத்த 13 வளையங்களும் உள்ளன. நல்ல பழுப்பு நிறம். ஆனால் நிழற்கடிகாரத்தின் குறுக்கே கீறியதைப் போல நீளக் கோடுகள் ஓடுகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நாணயம் கறுத்துக் கிடக்கிறதே என்று, நான் ஊரில் இல்லாத நேரத்தில், குத்துவிளக்கைத் துலக்குவதைப் போல அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கிவிட்டார். அன்போடு செய்த காரியம். ஆனால் இப்போது அது இளஞ்சிவப்பாகப் பளபளக்கிறது. இவை உண்மையானவையா? இத்தகைய நாணயங்களின் தரத்தை எந்த அடிப்படையில் நிர்ணயிக்கிறார்கள்? புளி போட்டதற்கு மாற்று உண்டா? நாணயத் தரத்தை நிர்ணயிக்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்பலாமா?

பதில் – தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

தம்பி, நீங்கள் விவரித்திருப்பதிலிருந்தே மூன்றையும் இனங்காண முடிகிறது. முதலாவது மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பைன் மர ஷில்லிங்கின் உரு. இரண்டாவது கனெக்டிகட் மாநிலச் செப்பு. மூன்றாவது ஃபுஜியோ சென்ட். கறாராகச் சொன்னால் முதலாவது மட்டும்தான் குடியேற்றக் காலத்தது. மற்ற இரண்டும் 1776 விடுதலைக்குப் பிந்தையவை. ஆயினும் அமெரிக்க நாணயச்சாலையை நிறுவிய சட்டம் 1792இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய மாநில நாணயங்களையும் சேகரிப்பாளர்கள் இந்தக் குடும்பத்திலேயே வைத்துப் பார்க்கிறார்கள்.

தரத்தைப் பற்றிப் பேசும் முன்பு, இவை எப்படிப் பிறந்தன என்பதைச் சொல்ல வேண்டும். கனெக்டிகட் சட்டமன்றம் 1785இல் ஒரு தனியார் கூட்டுக்கு உரிமம் கொடுத்துச் செப்பு நாணயம் அடிக்கச் சொன்னது. ஒரு நாணயத்துக்கு 144 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9.3 கிராம், எடை இருக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அந்த எடையைவிடக் குறைந்த நாணயங்கள் ஏராளமாக வெளிவந்தன. உரிமம் இல்லாதவர்களும் அதே உருவில் அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். 1785 முதல் 1788 வரையிலான நான்கே ஆண்டுக் கணக்கில் 300க்கும் மேற்பட்ட அச்சு இணைகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. இவற்றை மில்லர் என்பவர் வகுத்த முறைப்படி, முன்பக்க அச்சுக்கு ஓர் எண், பின்பக்க அச்சுக்கு ஓர் எழுத்து என்று குறிக்கிறார்கள். இடப்பக்கம் நோக்கிய 1787 உருவம் இவற்றுள் மிகுதியாகக் கிடைக்கும் வகை. எழுத்துகளுக்கு நடுவே உள்ள சிறு பூக்களையும் சிலுவைக் குறிகளையும் எண்ணிப் பார்த்துத்தான் அச்சைக் கண்டுபிடிக்க வேண்டும். அரிய அச்சாக இருந்தால், மோசமாகத் தேய்ந்த நாணயத்துக்கும் மதிப்பு உண்டு.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நாணயத் தரத்துக்கு இன்று உலகம் முழுவதும் பயன்படும் 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 'பெரிய சென்ட்' எனப்படும் பழைய அமெரிக்கச் செப்பு நாணயங்களுக்காக வகுத்தார். 4 குட், 8 வெரி குட், 12 ஃபைன், 20 வெரி ஃபைன், 40 எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், 60க்கு மேல் புழங்காத நாணயம். ஆலையில் ஒரே சீராக அடித்த நாணயத்துக்கு இந்த ஏணி நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் எல்லா நாணயங்களும் ஒரே நிலையில் பிறந்து, தேய்மானத்தால் மட்டுமே வேறுபடுகின்றன. கனெக்டிகட் செப்பு அப்படிப் பிறக்கவில்லை. தகடு சரியாக உருட்டப்படாமல் வெடித்திருக்கும். அச்சு நடுவில் பொருந்தாமல் ஆண்டு வெளியே போயிருக்கும். நடுப்பகுதியில் உரு முழுதாக விழாமல் இருக்கும். இந்தக் குறைகளெல்லாம் அச்சடித்த அன்றைக்கே இருந்தவை. உங்கள் நாணயத்தின் ஆண்டு பாதி காணாமல் போனதும், அநேகமாக அந்த விளிம்பு வெடிப்பும் இவ்வகைதான்.

உங்களுக்குப் பழக்கமான பொருளை வைத்தே சொல்கிறேன். அரை கிராமுக்கும் குறைவான நம் வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். சக்கரப் பலகையின் சிறு குழிகளில் பரப்பித்தான் அதை எண்ணினார்கள். அதில் உருவின் ஒரு பகுதி விழாமல் இருந்தால் 'தேய்ந்துவிட்டது' என்று நாம் சொல்வதில்லை, கையால் அடித்தது அப்படித்தான் இருக்கும் என்று அறிந்திருக்கிறோம். அதே கண்ணைக் கனெக்டிகட் செப்புக்கும் கொண்டு வாருங்கள்.

பிரித்தறிய ஒரு வழி உண்டு. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு, உருவத்தின் தோள், தலைமுடி, அமர்ந்த பெண்ணின் மடி ஆகிய மேடான இடங்களைப் பாருங்கள். தேய்மானம் என்றால் அந்த இடம் வழவழப்பாக இருக்கும். அதைச் சுற்றியுள்ள எழுத்துகளும் ஓரளவு மழுங்கியிருக்கும், ஏனென்றால் ஒரு நாணயம் பையில் கிடந்து நடுவில் மட்டும் தேய்வதில்லை. அச்சு சரியாக விழாத இடம் என்றால் அங்கே சொரசொரப்பு இருக்கும். அச்சின் மிக ஆழமான குழிக்குள் செம்பு ஏறிப் போகாததால், அடிப்பதற்கு முன்பு தகட்டில் இருந்த சிறு கீறல்களும் குழிகளும் நசுங்காமல் அப்படியே தங்கிவிடும். பக்கத்திலேயே எழுத்துகள் கூர்மையாக நிற்கும். நடு சொரசொரப்பு, ஓரம் கூர்மை என்று கண்டால் அந்த நாணயம் அதிகம் புழங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஃபுஜியோவில் நீங்கள் பார்த்த கோடுகளையும் இதே முறையில் சோதியுங்கள்: கோடு உருவின் மேலேறி அதை வெட்டினால் பின்னாளில் பட்ட கீறல், கோடு உருவுக்கு அடியிலிருந்து வருவதைப் போலவும், எழுத்து அதன் மேல் அமர்ந்திருப்பதைப் போலவும் தெரிந்தால் தகட்டிலேயே இருந்த இழை. ஃபுஜியோக்களில் இத்தகைய இழைகள் சாதாரணம்.

தரம் சொல்லும்போது முதலில் தேய்மானத்தை மட்டும் கணக்கிட்டு ஓர் எண், பிறகு சுத்தம் செய்தது, அரிப்பு, கீறல் முதலியவற்றுக்காக அதிலிருந்து கழித்து ஒரு நிகர எண் என்று இரண்டாகச் சொல்வது பழைய செம்பு சேகரிப்பவர்களின் வழக்கம். உங்கள் கனெக்டிகட் தேய்மானத்தில் ஃபைன் என்றால், புளியால் நிகரம் வெரி குட் ஆகும் என்று நினைக்கிறேன்.

பைன் மரத்தைப் பற்றி இப்போது தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நாகர்கோவிலில் உங்களுக்குத் தெரிந்த நகைக்கடையில் மூன்றையும் நிறுத்து எழுதுங்கள். பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, எவ்வளவு எடை குறைகிறது என்றும் குறித்து வாருங்கள்.

பதில் – குலசேகரம், ரப்பர் தோட்டக்காரர்

ஐயா சொன்ன லென்ஸ் சோதனையை நானும் பின்பற்றுகிறேன். அதில் மாற்றுக் கருத்து இல்லை. நிகர எண்ணில் மட்டும் நான் வேறுபடுகிறேன். வெரி குட் 8 என்று ஒரு சீட்டில் எழுதிவிட்டால், அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு அது நன்றாகத் தேய்ந்த, ஆனால் யாரும் கைவைக்காத ஒரு பழுப்பு நாணயமா, கூர்மையான, ஆனால் துலக்கப்பட்ட நாணயமா என்று தெரியாது. இரண்டும் வேறு வேறு நாணயங்கள். சேகரிப்பாளருக்கு அவற்றின் மீதுள்ள விருப்பமும் வேறு. கழித்துக் கூட்டி ஓர் எண்ணுக்குள் அடக்குவதைவிட, தேய்மானத்துக்கு எண்ணைச் சொல்லிவிட்டு மற்றவற்றைச் சொற்களால் எழுதுவதே நேர்மை என்பது என் கருத்து. அமெரிக்க நாணயத் தர நிறுவனங்களான, 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ்ஸும் 1987இல் தொடங்கிய என்ஜிசியும்கூட, துலக்கிய நாணயத்துக்கு எண் கொடுக்காமல் 'ஃபைன் டீட்டெயில்ஸ், துலக்கப்பட்டது' என்ற பொருளில்தான் எழுதுகின்றன.

மணக்குடி நண்பருக்கு ஒரு கேள்வி: அம்மா புளியோடு உப்பும் சேர்த்தாரா? இது சின்ன விஷயம் இல்லை. புளியின் அமிலம் மேலிருந்த பழுப்புப் படலத்தைக் கரைத்துவிட்டது. அது போனது போனதுதான், கந்தகம் தடவிப் போலியாகக் கறுக்க வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். சில ஆண்டுகளில் தானாகவே நிறம் மங்கும். ஆனால் உப்பு சேர்த்திருந்தால், அதன் குளோரைடு செம்பின் நுண்குழிகளிலும் அந்த வெடிப்பிலும் தங்கி, ஈரக்காற்று படும்போதெல்லாம் வெளிர்பச்சைத் தூளாகப் பூத்து உலோகத்தைத் தின்னும். கடலோரத்தில் இருக்கும் உங்களுக்கு இது இரட்டை அபாயம். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, ஒரு வாரமாவது வைத்திருங்கள். பிறகு தூய அசிட்டோனில் நனைத்து எடுத்து, துடைக்காமல் உலரவிடுங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவம் அசிட்டோன் ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

வைக்கும் இடத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் என் செப்பு நாணயங்களை இரண்டு மழைக்காலம் வைத்திருந்தேன். திருவிதாங்கூர்ச் செப்புகள் பதினொன்றில் புள்ளி புள்ளியாகக் களிம்பு ஏறிவிட்டது. ரப்பர் பேண்ட், மலிவான மெதுபிளாஸ்டிக் உறை, அமிலம் கலந்த அட்டை, இவை மூன்றையும் செம்பின் அருகில் கொண்டுபோகாதீர்கள். காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். பொட்டலத்தை மாற்ற மறக்கக் கூடாது.

மணக்குடி வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் கேட்டேன், கல்லுப்பும் சேர்த்துத்தான் துலக்கியிருக்கிறார். நாணயத்தை நேற்றே நீரில் போட்டுவிட்டேன்.

நகைக்கடைத் தராசில் கண்டவை இவை. பைன் மரம் 5.10 கிராம், தண்ணீருக்குள் 0.70 கிராம் குறைந்தது. கனெக்டிகட் 8.20 கிராம், 0.93 குறைந்தது. ஃபுஜியோ 9.70 கிராம், 1.10 குறைந்தது. பைன் மரத்தின் விளிம்பைச் சுற்றி, நடுவில், மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறது என்று கடைக்காரர்தான் முதலில் காட்டினார். கனெக்டிகட்டின் தோள்பட்டையில் நீங்கள் சொன்ன சொரசொரப்பு இருக்கிறது. பக்கத்து எழுத்துகள் நன்றாக நிற்கின்றன. ஃபுஜியோவின் கோடுகள் எழுத்துகளின் மேல் ஏறவில்லை.

பதில் – தக்கலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பைன் மரம் நகல், தம்பி. வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை. எடையை, தண்ணீருக்குள் குறைந்த எடையால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். 5.10ஐ 0.70ஆல் வகுத்தால் 7.3 வருகிறது. அக்காலத்து ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3 அளவில் வர வேண்டும். 7.3 என்பது வெள்ளீயத்தின் அடர்த்தி, அதாவது இது பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவையில் செய்த வார்ப்பு. விளிம்புக் கோடு இரண்டு அரை அச்சுகள் சேர்ந்த இடம். அடித்த நாணயத்தில் அது வராது.

எடை மட்டுமே தெரிந்திருந்தாலும் நான் ஐயப்பட்டிருப்பேன். பாஸ்டனில் ஜான் ஹல்லும் ராபர்ட் சாண்டர்சனும் அடித்த ஷில்லிங்கின் எடை 72 கிரெயின், அதாவது 4.67 கிராம். வெள்ளி குடியேற்றத்தை விட்டு வெளியேறாமல் இருக்கட்டும் என்று, இங்கிலாந்து ஷில்லிங்கைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே எடையைக் குறைத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் விதித்ததற்கு மேல் வெள்ளியை வாரிக் கொடுத்திருக்க மாட்டார்கள். புழக்கத்தில் தேய்ந்தும், ஓரத்தை வெட்டித் திருடியும் எடை குறையத்தான் செய்யும். மரத்தையும் இரட்டை வளையத்தையும் பொறிக்கச் சட்டம் கட்டளையிட்டதே, ஓரம் வெட்டப்பட்டால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே குறைவான எடையைக் காட்டிலும் கூடுதலான எடையே இங்கே பெரிய எச்சரிக்கை.

ஆண்டைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். பைன் மர நாணயங்கள் ஏறத்தாழ 1667 முதல் 1682 வரை அடிக்கப்பட்டவை. ஆனால் அனுமதிச் சட்டத்தின் ஆண்டான 1652தான் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த நாணயத்துக்கு நகல்கள் மிகப் பழையவை: 19 ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நியூயார்க்கில் தாமஸ் வயட் என்பவர் இவ்வகை வெள்ளியைப் போலியாக அடித்து விற்றார். பின்னாளில் சுற்றுலாப் பயணிகளுக்கான நினைவுப் பொருளாகவும் ஈய வார்ப்புகள் விற்றன. நாணய நகல்களில் 'காப்பி' என்று பொறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1973இல்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் அந்தச் சொல் இருக்காது. உங்கள் சித்தப்பாவை யாராவது ஏமாற்றினார்களா, அல்லது நினைவுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினாரா என்பது அவருக்குத்தான் தெரியும்.

மற்ற இரண்டும் மகிழ்ச்சியான செய்தி. இரண்டிலும் அடர்த்தி 8.8 வருகிறது, செம்புக்குப் பொருந்துகிறது. ஃபுஜியோவின் விதித்த எடை 157.5 கிரெயின், அதாவது 10.2 கிராம், உங்களுடையது அதற்கு அருகிலேயே இருக்கிறது. 1787இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஜேம்ஸ் ஜார்விஸ் என்பவருக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் பிறந்தது இது. அந்த நிழற்கடிகாரமும் 13 வளையங்களும் 1776இன் சிறுமதிப்புக் காகிதப் பணத்திலேயே வந்த உருக்கள். ஒன்றை மட்டும் பாருங்கள்: 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிதாக அச்சு வெட்டி அடித்த 'நியூ ஹேவன்' மறுபதிப்புகளில் வளையங்கள் மெல்லியவை. நீங்கள் அனுப்பிய படத்தில் அவை தடித்தே தெரிகின்றன. சூரியனின் முகத்தில் மூக்கும் கண்ணும் பிரிந்து தெரிந்தால், வெரி ஃபைன் என்று தயங்காமல் எழுதலாம்.

நிகர எண் குறித்துக் குலசேகரத்துக்காரர் சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். விற்பனைப் பட்டியலுக்கு நிகர எண் உதவும் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ளும் சீட்டுக்கு அவர் வழிதான் சரி.

பதில் – குளச்சல் வாசகர்

அஞ்சலில் அனுப்புவது பற்றி யாரும் பேசவில்லை. 1972இன் தொல்பொருள் சட்டம், 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயத்தையும் தொல்பொருள் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. அந்த வரையறையில் அயல்நாட்டு நாணயம் என்று தனி விலக்கு எதுவும் கிடையாது. தரம் பார்த்துத் திரும்பி வரப்போகிறதுதானே என்று உறையில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகு முடிவு செய்யுங்கள். உங்கள் சித்தப்பாவின் கப்பல் பணிப் புத்தகம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டில் எந்தத் துறைமுகம் என்பது அதில் இருக்கக்கூடும், நாணயங்கள் இங்கே எப்படி வந்தன என்பதற்கு அது ஆதாரமாகும்.

மணக்குடி வாசகர்

அனுப்பும் எண்ணத்தைக் கைவிட்டேன். பணிப் புத்தகம் சித்தியிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

ஃபுஜியோவின் சூரியனில் கண்கள் தெளிவாகத் தெரிகின்றன, மூக்கு பாதி தெரிகிறது. வளையங்கள் தடித்தவையே. கனெக்டிகட் இன்னும் நீரில்தான் இருக்கிறது. ஐந்து நாளில் பச்சை எதுவும் பூக்கவில்லை. அதற்காக எழுதி வைத்திருக்கும் சீட்டு இது, பிழை இருந்தால் திருத்துங்கள்:

"கனெக்டிகட் செப்பு, 1787 எனக் கருதப்படுகிறது, உருவம் இடப்பக்கம். மில்லர் எண் பார்க்கப்படவில்லை. 8.20 கிராம். தேய்மானம் ஃபைன் 12. தோளில் அச்சு முழுதாக விழவில்லை. ஆண்டு பாதி தகட்டுக்கு வெளியே. விளிம்பு வெடிப்பு அடித்தபோதே ஏற்பட்டது. புளியும் கல்லுப்பும் இட்டுத் துலக்கப்பட்டது, வடிநீரில் ஊறவைக்கப்பட்டது."

பைன் மரத்துக்கும் ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன்: "பியூட்டர் நகல், 5.10 கிராம், சித்தப்பா வாங்கியது." மற்ற இரண்டோடும் அதே டப்பாவில்தான் வைக்க விரும்புகிறேன். ஈயம் கலந்த வார்ப்பு செம்புக்குப் பக்கத்தில் இருப்பதால் தீங்கு உண்டா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பதில் – குலசேகரம், ரப்பர் தோட்டக்காரர்

சீட்டில் திருத்த எதுவும் இல்லை. வைக்கலாம், ஆனால் ஒன்றையொன்று தொடாமல், ஒவ்வொன்றும் தனித்தனி மைலார் (பாலியஸ்டர்) உறையில் இருக்கட்டும். மரப்பெட்டி வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெண்தூளாக்கிவிடும்.